நித்திரை கொள்ளத் தெரிந்த சிப்



போன எபிசோடுக்குப் பிறகு வந்த கேள்விகளில் ஒன்றைக் கடிதத்துக்கு என்றே எடுத்து வைத்தேன். அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டவேண்டும். காதால் கேட்டுவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

கேட்டவர் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறார். அவருடைய அம்மம்மா இன்சுலின் போடுகிறவர், ஒரு அப்பார்ட்மென்டில் தனியாக இருக்கிறார். பிரிட்ஜ் பழையது. சில நாள் கதவு சரியாகப் பூட்டுப்படாது, சில நாள் பின்பக்கத்தில் வைத்த பால் உறைந்துபோகும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்கவேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலினைப் பாவிக்கவே கூடாது, உருகியபிறகு பார்க்க நல்லதாகத் தெரிந்தாலும் கூடாது.

அவர் எழுதியது இது: "அண்ணா, வெப்பநிலை மாறினால் சத்தம் போடுற சின்னப் பெட்டி ஒண்டு ஆர்டுயினோவில செய்தாச்சு. வேலை செய்யுது. ஆனா நாலு பற்றரி போட்டும் ரெண்டு நாளிலேயே முடிஞ்சுபோகுது. பவர் பாங்க் போட்டா அது தன்பாட்டில நிண்டுபோகுது. கிழமைக்குக் கிழமை பற்றரி மாத்தச் சொல்லி அம்மம்மாவை ஆக்கினைப்படுத்த ஏலாது. என்ன செய்யலாம்?"

பவர் பாங்க் நிற்பதற்குக் காரணம் லேசு. சின்ன மின்னோட்டம் மட்டும் போனால், போன் சார்ஜ் ஆகி முடிந்துவிட்டது என்று அது நினைத்துக்கொண்டு தன்னை அணைத்துவிடும். பற்றரி முடிவதற்கான காரணம்தான் இந்தக் கடிதம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி ஒரு பெட்டி கூடுதல் காவல் மட்டுமே. இன்சுலினில் சந்தேகம் வந்தால் பார்மசிஸ்டைத்தான் கேட்கவேண்டும், பெட்டியை அல்ல.

முதலில் கணக்கு

சிஆர்2032 என்ற வட்டப் பற்றரி கார்ச் சாவிக்குள்ளும் சமையலறைத் தராசுக்குள்ளும் இருக்கும். 3 வோல்ட். கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லி ஆம்பியர் மணி. அதாவது 1 மில்லி ஆம்பியரைத் தொடர்ந்து எடுத்தால் 220 மணித்தியாலம் தாங்கும். 220ஐ நீங்கள் எடுக்கும் மின்னோட்டத்தால் வகுத்தால் ஆயுள் வந்துவிடும். இந்தக் கடிதத்தில் இதைவிடக் கடினமான கணிதம் இல்லை.

ஆர்டுயினோ ஊனோ போர்டு முழுதாகப் பத்துக்கணக்கான மில்லி ஆம்பியர் எடுக்கும். 40 என்று வைப்போம். வட்டப் பற்றரியில் ஐந்தரை மணித்தியாலம். உண்மையில் அதுகூட வராது, அந்தச் சின்னப் பற்றரியால் 40 மில்லி ஆம்பியரை ஒழுங்காகத் தள்ள முடியாது. டபுள் ஏ பற்றரிக்கு 2000 மில்லி ஆம்பியர் மணி என்று எடுத்தால் 50 மணித்தியாலம். நேயர் சொன்ன ரெண்டு நாள் அதுதான். அவருடைய கோட்டில் பிழை ஒன்றும் இல்லை.

இப்போது போர்டை விட்டுவிட்டு ஒரு சிப்பை மட்டும் பார்ப்போம். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் செய்யும் எம்எஸ்பி430 குடும்பம். 1990களின் தொடக்கத்தில் வந்தது. எரிவாயு மீட்டர், தண்ணீர் மீட்டர் போன்ற இடங்களில் இதைப் பார்க்கலாம். சுவரில் பூட்டிவிட்டுப் போனால் வருடக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்க்காத கருவிகள் அவை. நான் எடுத்துக்கொள்ளும் பிள்ளை எம்எஸ்பி430ஜி2553. 16 பிட் செயலி, அதிகபட்சம் 16 மெகாஹெர்ட்ஸ், 16 கிலோபைட் ஃபிளாஷ், 512 பைட் ராம். 1.8 முதல் 3.6 வோல்ட் வரை ஓடும். 20 கால் உள்ள பெரிய உருவத்திலும் கிடைக்கும் என்பதால் பிரெட்போர்டில் அப்படியே குத்தலாம்.

512 பைட் என்றால் எவ்வளவு? யுடிஎஃப்-8ல் ஒரு தமிழ்க் குறி 3 பைட். 'அம்மா' என்று எழுத 5 குறி, 15 பைட். ராம் முழுவதையும் கொடுத்தாலும் 34 தரம் அம்மா என்று எழுதலாம், 35ஆவது தரம் இடம் இருக்காது. நான் வேலைக்கு எழுதுவது சர்வரில் ஓடும் கோட். அங்கே இந்த அளவு ஒரு லாக் வரிக்கே காணாது. ஆனால் வெப்பநிலையைப் பார்த்து, எல்லையோடு ஒப்பிட்டு, சத்தம் போட 512 பைட் தாராளம்.

இந்தச் சிப் 1 மெகாஹெர்ட்ஸில், 3 வோல்ட்டில் தொடர்ந்து ஓடினால் 330 மைக்ரோ ஆம்பியர் எடுக்கும். 220 மில்லியை 0.33ஆல் வகுத்தால் 667 மணித்தியாலம், அதாவது 28 நாள். ரெண்டு நாளிலிருந்து, அதைவிடப் பத்தில் ஒரு பங்கு பற்றரியில், 28 நாளுக்கு வந்துவிட்டோம். அம்மம்மாவுக்கு இன்னும் காணாது. மாதம் ஒருமுறை பற்றரி மாற்றுவது யாருக்கும் ஞாபகம் இருக்காது, எனக்கும் இருக்காது.

அதே சிப் நித்திரையில் 0.5 மைக்ரோ ஆம்பியர் எடுக்கும். 660 மடங்கு குறைவு. வகுத்துப் பாருங்கோ: 4,40,000 மணித்தியாலம், 50 வருடம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் முழு வேலையும் இருக்கிறது.

கோழித் தூக்கமும் கும்பகர்ணத் தூக்கமும்

இந்தக் குடும்பத்தில் நித்திரைக்குப் படிகள் உண்டு. டேட்டாஷீட்டில் அவற்றை எல்பிஎம்0, எல்பிஎம்1 என்று 4 வரை எண்ணி வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் பாடமாக்கத் தேவையில்லை, மூன்று போதும்.

எல்பிஎம்0 கோழித் தூக்கம். செயலி மட்டும் நிற்கும், வேகமான கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். 2.2 வோல்ட், 1 மெகாஹெர்ட்ஸில் 56 மைக்ரோ ஆம்பியர். சீரியல் போர்ட்டில் ஏதாவது வரும் என்று காத்திருக்கும்போது நல்லது.

எல்பிஎம்4 கும்பகர்ணத் தூக்கம். எல்லாக் கடிகாரமும் நிற்கும். 0.1 மைக்ரோ ஆம்பியர். ராமில் உள்ளது அழியாது, ஆனால் நேரம் தெரியாது. வெளியிலிருந்து யாராவது ஒரு காலைத் தட்டினால்தான் எழும்பும்: ஒரு பொத்தான், ஒரு கதவுச் சுவிட்ச்.

எல்பிஎம்3 இரண்டுக்கும் நடுவில் உள்ளது. கைக்குழந்தை உள்ள வீட்டில் தாய் கொள்ளும் நித்திரை மாதிரி. உடம்பு படுத்திருக்கும், ஒரு காது திறந்திருக்கும். செயலியும் வேகமான கடிகாரமும் நின்றுவிடும். ஒரு மெதுவான கடிகாரம் மட்டும் ஓடும், அதில் ஒரு டைமர் எண்ணிக்கொண்டிருக்கும். எண்ணி முடிந்ததும் தட்டி எழுப்பும். 0.5 மைக்ரோ ஆம்பியர் என்று மேலே சொன்னது இதைத்தான்.

நித்திரை எல்லாச் சிப்பிலும் இருக்கிறதுதானே என்று கேட்பீர்கள். இருக்கிறது. இந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்தது அதைச் செயலிக்குள் பொருத்தியிருக்கிற விதம். கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாக வாசியுங்கோ.

செயலியில் 16 ரெஜிஸ்டர். அவற்றில் ஒன்று ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர். கூட்டும்போது மிச்சம் வந்ததா, விடை பூச்சியமா என்பதைக் குறித்து வைக்கும் பிட்கள் அதில் இருக்கும். எல்லாச் செயலியிலும் இப்படி ஒன்று உண்டு. எம்எஸ்பி430இல் அதே ரெஜிஸ்டரில் இன்னும் நாலு பிட் இருக்கிறது: செயலியை நிறுத்து, ஆசிலேட்டரை நிறுத்து, மற்றக் கடிகாரங்களை நிறுத்து என்பவை. அந்தப் பிட்களை 1 ஆக்கினால் நித்திரை. தனி இயங்குதளமோ தனி லைப்ரரியோ தேவையில்லை, ஒரு கட்டளை போதும்.

இனித்தான் விஷயம். டைமர் தட்டும்போது ஒரு இன்டரப்ட் வருகிறது. ஹார்ட்வேர் இரண்டு பொருட்களை ஸ்டாக்கில் வைக்கும்: எந்த இடத்தில் நின்றோம் என்பதையும், ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் நகலையும். பிறகு நித்திரைப் பிட்களை அழித்துவிடும், அதனால் செயலி எழும்பும். இன்டரப்ட் வேலை முடிந்து திரும்பும்போது அந்த நகலை ஸ்டாக்கிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் போடும். நகலில் நித்திரைப் பிட்கள் 1 ஆகத்தானே இருந்தன? ஆகவே செயலி தன்பாட்டில் திரும்பப் படுத்துவிடும். 'வேலை முடிந்தது, படு' என்று ஒருவரும் சொல்லத் தேவையில்லை. தொட்டிலை ஆட்ட ஆள் வேண்டாம்.

சரி, விடிந்துவிட்டது, இனி எழும்பி மெயின் ப்ரோகிராமைச் செய் என்று சொல்லவேண்டுமானால்? இன்டரப்டுக்குள் இருக்கும்போதே ஸ்டாக்கில் கிடக்கும் நகலைத் திருத்திவிடவேண்டும். அதற்குக் கம்பைலரோடு வரும் ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. நகலில் பிட்களை அழித்தால், திரும்பும்போது செயலி விழித்தபடி மெயினுக்கு வரும். முதல் தரம் இது விளங்கியபோது டேட்டாஷீட்டை மூடி வைத்துவிட்டு ஒரு தேநீர் போட்டுக் குடித்தேன். நித்திரை என்பது கூட்டலில் வரும் மிச்சம் மாதிரி செயலியின் ஒரு நிலை. இன்டரப்டுக்கு ஏற்கெனவே இருந்த சேமித்துவைத்து மீட்டெடுக்கும் வழியிலேயே அதுவும் போய்வருகிறது.

ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஏதாவது நடக்கும்வரை ஈவென்ட் லூப் காத்திருக்கும், நடந்ததும் கால்பாக் ஓடும். அங்கே காத்திருப்பதற்குச் செலவு இல்லை என்று நினைக்கிறோம், ஏனெண்டால் கரண்ட் பில் வேறு யாருக்கோ போகிறது. இங்கே அந்தக் காத்திருப்புத்தான் நீங்கள் கட்டுகிற பில்.

எழும்பும் வேகம்

டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: நித்திரையிலிருந்து எழும்ப 1 மைக்ரோ செக்கனுக்கும் குறைவு. விளம்பர வரி மாதிரி இருக்கும். அதைக் கடந்து போகாதீர்கள்.

ஒரு சிப் எழும்பியதும் அதன் முதன்மைக் கடிகாரம் நிலைக்கு வர 5 மில்லி செக்கன் எடுக்கிறது என்று வையுங்கோ. வெளியே பூட்டிய குவார்ட்ஸ் படிகத்தில் ஓடும் சிப்புகளுக்கு இப்படி மில்லி செக்கன் கணக்கில் ஆகலாம். உங்கள் வேலை 100 மைக்ரோ செக்கன் மட்டும். அப்படியானால் விழித்திருக்கும் நேரத்தில் 98 சதவீதம் கண்ணைக் கசக்குவதிலேயே போகிறது. எம்எஸ்பி430இல் வேகமான கடிகாரம் சிப்புக்குள்ளேயே இருக்கும் டிஜிட்டல் ஆசிலேட்டர். உடனே தொடங்கும், உடனே நிற்கும். அதனால் ஒரு நாளில் பத்தாயிரம் தரம் எழும்பினாலும் நட்டம் இல்லை.

மெதுவான கடிகாரத்துக்கு இரண்டு தெரிவு. ஒன்று 32,768 ஹெர்ட்ஸ் படிகம். கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் அதே சாமான். 2ஐ 15 தரம் பெருக்கினால் வருவது இந்த எண், அதனால் 15 தரம் பாதியாக்கினால் சரியாக ஒரு செக்கன். மற்றது சிப்புக்குள் இருக்கும் மெதுவான ஆசிலேட்டர், பெயரளவுக்கு 12 கிலோஹெர்ட்ஸ். 'பெயரளவுக்கு' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: சிப்புக்குச் சிப், வெப்பத்துக்கு வெப்பம், 4 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை எங்கேயும் நிற்கலாம். நேரம் பார்க்க அது உதவாது. பிரிட்ஜ் அறுபது செக்கனில் பார்க்கப்பட்டதா எழுபதில் பார்க்கப்பட்டதா என்று இன்சுலினுக்குக் கவலை இல்லை. இந்த வேலைக்கு உள்ளே இருப்பதே போதும், படிகத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

மின்சாரம் ஒழுகும் இடங்கள்

சிப் 0.5 மைக்ரோவில் படுத்திருக்கிறது. சுற்றியுள்ளவை? இங்கேதான் பெரும்பாலான வீட்டுச் செய்கைகள் தோற்றுப்போகின்றன. ப்ரோகிராமில் பார்த்தால் பிழை தெரியவே தெரியாது.

'கரண்ட் இருக்கு' என்று காட்ட ஒரு சின்னச் சிவப்பு எல்ஈடி வைக்கிறோம். 2 மில்லி ஆம்பியர். விழித்திருக்கும் செயலியைவிட ஆறு மடங்கு. அது ஒன்றே பற்றரியை நாலரை நாளில் குடித்துவிடும்.

வெப்பநிலையைப் பார்க்க தெர்மிஸ்டர் எடுப்போம். அறை வெப்பத்தில் 10 கிலோ ஓம் உள்ள வகை, 4 டிகிரியில் ஏறத்தாழ 27 கிலோ ஓம் வரும். அதோடு தொடராக 10 கிலோ ஓம் ஒன்று. 3 வோல்ட்டை 37 கிலோ ஓமால் வகுத்தால் 80 மைக்ரோ ஆம்பியர். நேரே பற்றரியில் பூட்டினால் 114 நாளில் கதை முடியும். ஆகவே அந்தச் சோடியின் மேல் நுனியைப் பற்றரியில் பூட்டாமல் சிப்பின் ஒரு காலில் பூட்டுங்கோ. பார்க்கவேண்டிய கணத்தில் மட்டும் அந்தக் காலை உயர்த்தி, பார்த்துவிட்டு இறக்கிவிடலாம். ஒரு வரி கோட், 80 மைக்ரோ ஆம்பியர் மிச்சம். அளக்கும்போது பற்றரியின் வோல்ட்டையே அளவுகோலாக எடுத்தால் இன்னொரு நன்மையும் உண்டு: பற்றரி இறங்கினாலும் விடை மாறாது, ஏனெண்டால் இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்கும்.

கதவுச் சுவிட்சும் வைக்கப்போகிறீர்கள் என்றால் இன்னொன்று. சிப்புக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் ஏறத்தாழ 35 கிலோ ஓம். சுவிட்ச் மூடியிருக்கும் நேரமெல்லாம் அதன் வழியாக 86 மைக்ரோ ஆம்பியர் போகும். பிரிட்ஜ் கதவு நாளில் பெரும்பகுதி பூட்டியே இருக்கும். கதவு பூட்டியிருக்கும்போது சுவிட்சும் மூடியிருந்தால் நூறு நாள்தான். கதவு பூட்டும்போது சுவிட்ச் திறக்கும் வகையை வாங்குங்கோ. கடையில் இரண்டும் ஒரே விலை.

பாவிக்காத கால்களையும் சும்மா விடக்கூடாது. எங்கும் பூட்டாத உள்ளீட்டுக் கால் 0வுக்கும் 1க்கும் நடுவில் மிதந்து, உள்ளே இருக்கும் ட்ரான்சிஸ்டர்களைப் பாதித் திறந்தபடி வைத்திருக்கும். அதில் மின்சாரம் கசியும். கையைக் கிட்டக் கொண்டுபோனாலே கசிவு மாறும், பேய் பிடித்த மாதிரி. எல்லாவற்றையும் வெளியீடாக்கிவிட்டால் பிரச்சினை முடிந்தது.

சத்தமில்லாமல் செத்துப்போகாமல்

ஒரு எச்சரிக்கைப் பெட்டி அமைதியாக இருந்தால் இரண்டு அர்த்தம்: எல்லாம் சரி, அல்லது பெட்டி செத்துவிட்டது. வெளியிலிருந்து பார்க்கிற அம்மம்மாவுக்கு இரண்டும் ஒன்று. என்னைக் கேட்டால் இந்தச் செய்கையில் மிக முக்கியமான கேள்வி பற்றரி ஆயுளைவிட இதுதான். பற்றரியில் மிச்சம் பிடித்ததை இங்கே செலவழிக்கலாம்.

இந்தக் குடும்பத்தைப் பற்றி எந்தப் பாடத்தைத் திறந்தாலும் முதல் வரி வாட்ச்டாக்கை நிறுத்துவது. வாட்ச்டாக் என்பது ஒரு காவல் நாய். குறிப்பிட்ட நேரத்துக்குள் ப்ரோகிராம் அதைத் தட்டிக்கொடுக்காவிட்டால் சிப்பை ரீசெட் செய்துவிடும். இந்தச் சிப்பில் அது பிறக்கும்போதே விழித்திருக்கும், 32 மில்லி செக்கனில் கடிக்கும். அதனால் எல்லாரும் முதலில் கட்டிப்போடுகிறார்கள். எல்ஈடி மினுக்கிப் பழகுவதற்கு அது சரி. காவலுக்கு வைக்கிற பெட்டியில் காவல் நாயைக் கட்டிப்போட்டால் என்ன அர்த்தம்?

அதை மெதுவான கடிகாரத்துக்கு மாற்றுங்கோ. 12 கிலோஹெர்ட்ஸை 8ஆல் வகுத்து, 32,768 எண்ணவிட்டால் ஏறத்தாழ 22 செக்கன். எழுப்பும் டைமரை 8 செக்கனுக்கு வைத்து, எழும்பும்போதெல்லாம் நாயைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் படுக்கலாம். அந்தக் கடிகாரம் ஓடிப்போனாலும் பின்தங்கினாலும் பயமில்லை. டைமரும் வாட்ச்டாக்கும் ஒரே கடிகாரத்தை எண்ணுகின்றன, இரண்டும் சேர்ந்தே பிந்தும், சேர்ந்தே முந்தும்.

நாலு தரத்துக்கு ஒருமுறை, அதாவது அரை நிமிடத்துக்கு ஒருக்கால், எல்ஈடியை 5 மில்லி செக்கன் மட்டும் மினுக்குங்கோ. கண்ணுக்கு நன்றாகத் தெரியும். செலவு சராசரி 0.33 மைக்ரோ ஆம்பியர். 'சிவப்பு மினுங்கினால் பெட்டி உயிரோட இருக்கு' என்று அம்மம்மாவுக்கு ஒரு வசனத்தில் சொல்லிவிடலாம்.

பற்றரியைப் பார்க்க வெளியே ஒன்றும் பூட்டத் தேவையில்லை. இந்தச் சிப்பின் 10 பிட் ஏடிசியில் 11ஆவது சானல் உள்ளேயே பற்றரி வோல்ட்டின் பாதியில் பூட்டப்பட்டிருக்கிறது. 1.5 வோல்ட் உள் அளவுகோலோடு ஒப்பிட்டால் 3 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் 1023 என்று நிரம்பி நிற்கும், 2.6 வோல்ட்டில் 887 அளவுக்கு வரும். சிஆர்2032 தன் ஆயுளின் பெரும்பகுதி 3 வோல்ட்டுக்குக் கிட்ட நின்றுவிட்டுக் கடைசியில் சரசரவென்று இறங்கும். 887க்குக் கீழே வந்தால் மாற்றச் சொல்லும் இரட்டை மினுக்கல். ஆனால் அளவை எல்ஈடி எரிகிற அந்த 5 மில்லி செக்கனுக்குள் எடுக்கவேண்டும். களைத்த பற்றரி சும்மா இருக்கும்போது நல்ல பிள்ளை மாதிரி 2.9 காட்டும், பாரம் ஏற்றினால்தான் உண்மை தெரியும்.

இதே காரணத்துக்காகப் பெட்டியைப் பிரிட்ஜுக்குள் வைக்க வேண்டாம். குளிரில் வட்டப் பற்றரியின் உள்தடை கூடும், பஸ்ஸர் அடிக்கும் நேரம் வோல்ட் விழும். பெட்டி கதவுக்கு வெளியே, மெல்லிய வயரில் தெர்மிஸ்டர் மட்டும் உள்ளே. தெர்மிஸ்டர் நுனியைத் தண்ணீர் படாமல் மூடி, ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தலுக்குள் விடுங்கோ. கதவைத் திறந்ததும் காற்று உடனே சூடாகும், இன்சுலின் போத்தல் அவ்வளவு கெதியாகச் சூடாகாது. காற்றை அளந்தால் ஒவ்வொரு தரம் கறி எடுக்கும்போதும் பெட்டி கத்தும். மூன்றாம் நாள் அம்மம்மா பற்றரியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவார். அவரில் பிழை சொல்ல முடியாது.

வீட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் வருவார்கள் என்றால் பெட்டியின் மூடியைத் திருகாணி போட்டே பூட்டுங்கோ. வட்டப் பற்றரியைப் பிள்ளை விழுங்கினால் தொண்டைக்குள் சில மணித்தியாலத்திலேயே கடுமையான எரிகாயம் வரும், உயிராபத்து.

கூட்டிப் பார்ப்போம்

எல்லாவற்றையும் கொஞ்சம் கூட்டியே எண்ணுகிறேன். நித்திரை 0.5 மைக்ரோ ஆம்பியர். 8 செக்கனுக்கு ஒருமுறை எழும்பி நாயைத் தட்டிக்கொடுக்க 0.04. நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லி செக்கன் செயலி விழிக்க 0.055, அந்த நேரம் ஏடிசிக்கு 0.1, தெர்மிஸ்டருக்கு 0.013. எல்ஈடி 0.33. மொத்தம் 1.04, நாங்கள் 1.1 என்று வைப்போம்.

220 மில்லி ஆம்பியர் மணியை 1.1 மைக்ரோவால் வகுத்தால் 2 லட்சம் மணித்தியாலம். 22 வருடத்துக்கு மேல். இந்த எண்ணை நம்பாதீர்கள், பற்றரி சும்மா கிடந்தாலே அதற்கு முன் பழுதாகிவிடும். இந்த எண்ணுக்கு ஒரே அர்த்தம்: ப்ரோகிராம் இனிப் பற்றரியின் எதிரி அல்ல. செலவில் நித்திரைதான் பாதி, மிச்சத்தில் பெரியது எல்ஈடி, செயலி கணக்கிலேயே இல்லை என்பதையும் பாருங்கோ. ஆகவே லூப்பை வேகமாக்குகிறேன் என்று இரவிரவாக இருந்து கோட்டைத் தேய்ப்பதில் இங்கே பிரயோசனம் இல்லை. பஸ்ஸர் வேறு கதை. 5 மில்லி ஆம்பியரில், 2 செக்கனுக்கு ஒருமுறை 100 மில்லி செக்கன் அடித்தால் சராசரி 250 மைக்ரோ ஆம்பியர், புதுப் பற்றரி 36 நாள் கத்தும். அதற்குள் யாராவது வந்துவிடுவார்கள்.

நேயருக்கு நான் எழுதிய பதில்: இரண்டு தைப்பொங்கலுக்கு ஒருமுறை பற்றரியை மாற்று, போதும்.

வேறு சிப் இல்லையா? நிறைய இருக்கிறது. போனுக்கு மெசேஜ் வரவேண்டும் என்றால் வைஃபை உள்ள ஈஎஸ்பி32 தான் வசதி. ஆனால் அது அனுப்பும் கணத்தில் நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் கேட்கும், வட்டப் பற்றரியால் ஏலாது, பெரிய லித்தியம் பற்றரியும் சார்ஜரும் வேண்டும். ராஸ்பெரி பை பிக்கோவில் இருக்கும் ஆர்பி2040 எனக்குப் பிடித்த சிப், ஆனால் ஆழ்ந்த நித்திரையிலும் நூறு மைக்ரோ ஆம்பியரைத் தாண்டும். ஆர்ம் கோர்ட்டெக்ஸ் வகையில் எஸ்டிஎம்32எல் வரிசை இந்த வேலையை நன்றாகவே செய்யும். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸே 2023இல் எம்எஸ்பிஎம்0 என்று ஆர்ம் குடும்பம் ஒன்றை இறக்கிவிட்டது. வேலைக்குப் போகும் இடத்தில் ஆர்ம்தான் கூடுதலாக எதிர்ப்படும், அதையும் படிக்கத்தான் வேண்டும். முதல் சிப்பாக 430ஐச் சொல்வதற்குக் காரணம் அதன் அளவு. 27 அடிப்படைக் கட்டளை, நூறு பக்கத்துக்குள் டேட்டாஷீட். ஒரு லீவு நாளில் ஒரு ஆள் முழுதாக வாசித்து விளங்கிக்கொள்ளலாம். இன்றைக்கு நாங்கள் கைவைக்கும் கணினிகளில் வேறு எதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்?

வெப்பநிலையைப் பதிவும் செய்யவேண்டும் என்றால் அதே குடும்பத்தில் எஃப்ஆர் என்று பெயரில் வரும் பிள்ளைகளைப் பாருங்கோ. ஜி2553இல் இருப்பது ஃபிளாஷ். துண்டு துண்டாக அழித்துத்தான் எழுத முடியும், 2.2 வோல்ட்டுக்குக் கீழே எழுதவே முடியாது. பற்றரி சாகும் நேரம் நடந்ததைத்தான் நீங்கள் பதிய விரும்புவீர்கள், அந்த நேரம் பார்த்து அது கைவிரிக்கும். எஃப்ஆர் வகையில் எஃப்ராம் நினைவகம். ராம் மாதிரியே எழுதலாம், கரண்ட் போனாலும் அழியாது.

தொடங்குகிறவர்கள் ஜி2 லாஞ்ச்பாட் போர்டு ஒன்று வாங்கினால் போதும். 2010இல் முதல் வந்தபோது பெயருக்குப் பொருத்தமாக 4 டாலர் 30 சதம் விற்றார்கள், இப்போது கூட. ப்ரோகிராமை ஏற்றியதும் சிப்பைச் சொக்கெட்டிலிருந்து மெல்லக் கழற்றிப் பிரெட்போர்டில் வைக்கலாம். ரீசெட் காலுக்கும் பற்றரிக்கும் நடுவில் 47 கிலோ ஓம் ஒன்று போட மறக்கவேண்டாம், போடாவிட்டால் நினைத்த நேரம் ரீசெட் ஆகும்.

பிறகு தெர்மிஸ்டரைச் சரிபார்க்கவேண்டும். அதற்குக் கருவி ஒன்றும் வாங்காதீர்கள். ஐஸ் கட்டியை நொறுக்கி ஒரு கோப்பை நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் விட்டு, கலக்கிக்கொண்டே ஐந்து நிமிடம் தெர்மிஸ்டரைப் பிடியுங்கோ. ஐஸ் மிதக்கும்வரை அது 0 டிகிரி. ஏடிசி காட்டும் எண்ணை எழுதி வையுங்கோ. அதோடு பிரிட்ஜின் நடுத்தட்டில் ஒரு இரவு முழுக்க வைத்த தண்ணீர்க் கோப்பையின் எண்ணையும், அதே தண்ணீரில் சமையலறைத் தெர்மாமீட்டர் காட்டுவதையும் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கோ. அந்த இரண்டு புள்ளிகளை வைத்து 2, 8 டிகிரி எல்லைகளை எப்படிக் குறிப்பது என்று வருகிற கிழமை பார்ப்போம்.